தாத்தாவின் ரஸ்க் டப்பா

சாலையைக் கடக்கும்போது, வெள்ளைக் கோடுகளின் நடுவில், தாத்தா நின்றுவிட்டார்.

"தாத்தா, சிவப்பு விழப் போகுது. வாங்க."

தாத்தா நகரவில்லை. பேத்தியின் தோளை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது.

"ஒரு நிமிஷம் இரு, கண்டக்டர்," என்றார் மெதுவாக. "ரோடு ஆடுது."

ரோடு ஆடவில்லை. தாத்தாதான் ஆடிக்கொண்டிருந்தார்.

விளக்கு மாறியது. ஒரு லாரி உறுமியபடி முன்னால் வந்தது. அவள் ஒரு கையால் தாத்தாவின் இடுப்பை அணைத்துப் பிடித்தாள். இன்னொரு கையை லாரியைப் பார்த்து நீட்டினாள். லாரி நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, "அவசரமில்ல பாப்பா, மெதுவா கூட்டிட்டுப் போ," என்றார்.

எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் தாத்தா உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். இரண்டு வாய் குடித்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

தாத்தா ஒரு காலத்தில் டவுன் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்குள் இருந்த பஸ் ஓயவில்லை. தினமும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து பேத்தியை அழைத்துப் போவார். அவள் "ரைட், போலாம்" என்று சொன்னால்தான் கிளம்புவார். வாயாலேயே உறுமுவார். குடைதான் கியர். திருப்பத்தில் உடம்பைச் சாய்ப்பார். வழியில் யாராவது தெரிந்தவர் எதிர்ப்பட்டால், "ஏறிக்கோங்க, இடம் இருக்கு," என்பார். அதனால்தான் அவளுக்கு வீட்டில் கண்டக்டர் என்ற பெயர் வந்தது. சொந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான்.

ஆனால் இப்போதெல்லாம் தாத்தா உறுமுவதில்லை. குடையை ஊன்றிக்கொண்டு, தரையைப் பார்த்து நடக்கிறார்.

"இதை அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்," என்றார் தாத்தா.

"ஏன் தாத்தா?"

"சொன்னா நாளையிலிருந்து வீட்டை விட்டு வெளியே போகக் கூடாதும்பா. நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து சுவரைப் பார்த்துட்டு இருக்கணும். சுவரும் எத்தனை நாள்தான் என்னைப் பார்க்கும், பாவம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. தாத்தா வராத சாயங்காலத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரி என்று தலையை ஆட்டினாள். வீடு போய்ச் சேரும்வரை அவர் கையை விடவே இல்லை.

வீட்டில் அலமாரியின் உச்சியில் ஒரு ரஸ்க் டப்பா உண்டு. அதில் ரஸ்க் கிடையாது. தாத்தாவின் மாத்திரைகள்தான் இருந்தன.

எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்ந்தவை அல்ல. ரத்த அழுத்த மாத்திரை ஒன்று முதலிலிருந்தே இருந்தது. போன வருடம் தாத்தாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சு டாக்டர் சில மாத்திரைகள் கொடுத்தார். முட்டி வலிக்கிறது என்று முட்டி டாக்டரிடம் போனார்கள். அவர் சிலது கொடுத்தார். முட்டி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதும் வயிற்று டாக்டர் வந்தார். அப்புறம் தலைசுற்றலுக்கு ஒரு டாக்டர், தூக்கத்துக்கு ஒரு மாத்திரை. யாரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. டப்பா நிறைந்துகொண்டே போனது.

அம்மா ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், மாவு ஒட்டிய கையைக் கழுவிவிட்டு, வேளை தவறாமல் மாத்திரைகளை எடுத்துத் தாத்தாவின் உள்ளங்கையில் வைப்பாள். அவர் விழுங்கி முடிக்கும்வரை அங்கேயே நிற்பாள்.

"எனக்கு அந்த ரோஸ் கலர் வேணும்," என்று அன்றைக்கும் கேட்டான் தம்பி. அவனைப் பொடியன் என்று கூப்பிடுவார்கள். இன்னும் பள்ளிக்கூடம் சேராதவன்.

"தொட்டா தோலை உரிச்சிடுவேன்," என்றாள் அம்மா. "இது தாத்தாவுக்கு மருந்து. உனக்கு விஷம்."

"அப்ப தாத்தாவுக்கு ஏன் குடுக்கறே?"

"அவருக்கு உடம்பு சரியில்ல. அதான்."

"சாப்பிட்ட அப்புறமும் சரியில்லையே," என்றான் பொடியன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். தாத்தா சாப்பாட்டுத் தட்டின் முன்னால், கையில் கரண்டியோடு கண்ணயர்ந்திருந்தார். அம்மா கரண்டியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"வயசாயிடுச்சு," என்றாள் யாரிடம் என்று இல்லாமல்.

அடுத்து வந்த விடுமுறை நாளில்தான் அந்த வேடிக்கை நடந்தது.

பேக்கரியில் யாரோ வேலைக்கு வரவில்லை என்று அம்மாவை விடியற்காலையிலேயே அழைத்துவிட்டார்கள். போகிற அவசரத்தில் டப்பாவை மறந்துவிட்டாள். தாத்தாவும் நினைவுபடுத்தவில்லை. மாத்திரைகளை நினைத்துப் பார்க்க அவருக்கு ஆசையா என்ன?

கண்டக்டர் எழுந்து வந்தபோது கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. தாத்தா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொடியனின் மூன்று சக்கர சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கழன்ற சக்கரத்தை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருடா இந்த வண்டிக்கு மெக்கானிக்? இப்படியா போல்ட் போடறது?"

"நான்தான்," என்றான் பொடியன்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கறேன்."

அப்புறம் தாத்தா சாப்பாட்டு மேசை நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். முன் நாற்காலியில் உட்கார்ந்து தட்டைச் சுழற்றினார். அது ஸ்டியரிங். பஸ் சமையலறை நிறுத்தத்தில் நின்றது. குளியலறை நிறுத்தத்தில் நின்றது. பொடியன் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏற வந்தபோது, "மூட்டைக்குத் தனி டிக்கெட்," என்றார் தாத்தா. மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மதியம் அம்மா வந்தாள். வாசலிலேயே தலையில் கை வைத்தாள். "அப்பா, காலையில மாத்திரை போடலையே," என்று ஓடிப்போய் டப்பாவை எடுத்தாள். தாத்தா நல்ல பிள்ளையாக விழுங்கினார்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலி பஸ் நின்றுபோனது. தாத்தாவின் தலை மார்பில் சாய்ந்தது. தட்டு கையிலிருந்து நழுவி உருண்டு, சுவரில் மோதி விழுந்தது. அவர் கண் திறக்கவில்லை.

கண்டக்டர் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அலமாரியின் உச்சியைப் பார்த்தாள்.

மறுநாள் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தபோது அவள் நாற்காலி போட்டு ஏறி, டப்பாவைக் கீழே எடுத்தாள். பொடியன் பக்கத்திலேயே நின்றான்.

"எல்லாத்தையும் ஜன்னல் வழியா போட்டுடலாமா, அக்கா?"

அவளுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளை, மஞ்சள், ரோஸ், பச்சை என்று அட்டை அட்டையாகக் கிடந்தன. அவளுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. மூக்கில் குழாயோடு தாத்தா படுத்திருந்ததும், நெஞ்சு டாக்டர் அம்மாவிடம், "இந்த மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடக் கூடாது" என்று சொன்னதும் ஞாபகம் வந்தன.

இதில் எது அந்த மாத்திரை? எது தாத்தாவைக் காப்பாற்றுவது, எது தாத்தாவைத் தூங்க வைப்பது?

மூடியை அழுத்தி மூடினாள்.

"தெரியாம எதையும் தூக்கிப் போடக் கூடாதுடா."

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு."

"எந்த டாக்டருக்கு?"

அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். நெஞ்சு டாக்டருக்கு நெஞ்சு மாத்திரை தெரியும். முட்டி டாக்டருக்கு முட்டி மாத்திரை தெரியும். இந்த டப்பாவை மொத்தமாகத் திறந்து பார்த்த டாக்டர் யார்?

ஒருவரும் இல்லை.

டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நேராகத் தாத்தாவிடம் போனாள். அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார்.

"தாத்தா, அன்னிக்கு ரோட்டுல நடந்ததை நான் அம்மாகிட்ட சொல்லப் போறேன்."

தாத்தா திடுக்கிட்டார். "சொல்ல மாட்டேன்னு தலையை ஆட்டினியே."

"ஆட்டினேன். அதான் உங்களுக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னு முதல்ல உங்ககிட்ட சொல்றேன்."

"நான் வெளியே போக முடியாதே."

"லாரி வந்துச்சு, தாத்தா. அவர் நல்லவர், நிறுத்தினார். இன்னொரு நாள் வேற யாராவது வந்தா?" அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கோபப்பட்டாலும் பரவாயில்ல. நீங்க எனக்கு வேணும்."

தாத்தா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் ராத்திரி அம்மா பேக்கரியிலிருந்து வந்ததும் அவரே ஆரம்பித்தார். "உன் பொண்ணு உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம். கேட்டுட்டுத் திட்டறதா இருந்தா என்னைத் திட்டு."

அம்மா கேட்டாள். திட்டவில்லை. பாதியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொண்ணும்மா," என்றாள் கண்டக்டர். "லீவு நாள்ல மாத்திரை போடாதப்ப தாத்தா நல்லா இருந்தார். போட்டதும் தூங்கிட்டார்."

"அதுக்காக நிறுத்திட முடியுமா? எல்லாம் பெரிய டாக்டருங்க குடுத்தது."

"நிறுத்தச் சொல்லல. எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து யாராவது பார்த்திருக்காங்களா?"

ஒவ்வொரு டாக்டராக மனதுக்குள் நினைத்துப் பார்ப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"இல்ல," என்றாள் கடைசியில். "நானும் கேட்கல. அவங்களும் கேட்கல."

"காய்ச்சல் டாக்டர்கிட்ட போலாமா?"

காய்ச்சல் டாக்டர் என்பது இரண்டு தெரு தள்ளி இருந்த டாக்டரம்மா. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் அவரிடம்தான் போவார்கள். எதையும் பொறுமையாகக் கேட்பவர்.

மறுநாள் நான்கு பேரும் போனார்கள். டப்பா கண்டக்டரின் மடியில் இருந்தது. உள்ளே கூப்பிட்டதும் அதை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

"டாக்டர், தாத்தாவோட மாத்திரை எல்லாம் இதுல இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணா பார்க்கணும்."

டாக்டரம்மா டப்பாவைக் கவிழ்த்தார். மேசை நிறைந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"வேற ஏதாவது சாப்பிடறீங்களா, ஐயா?"

தாத்தா விட்டத்தைப் பார்த்தார்.

"அப்பா?" என்றாள் அம்மா.

தாத்தா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து வைத்தார். "மூக்கு ஒழுகுதுன்னு சொன்னேன். பூங்காவுல என்கூட உட்கார்ற தையல்காரர் குடுத்தாரு."

"எப்ப?"

"மழைக்காலத்துல."

"இன்னுமா மூக்கு ஒழுகுது?"

"இப்ப ஒழுகலை. ஒழுகிடக் கூடாதேன்னுதான்."

பிறகு கண்ணாடிக் கூட்டிலிருந்து இன்னொன்று வந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பொடியன் எழுந்து தாத்தாவின் கால்சட்டைப் பையிலும் கையை விட்டுத் தேடினான். அங்கே ஒரு கைக்குட்டைதான் இருந்தது.

டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்தார், படித்தார், கேட்டார். தலைசுற்றல் எப்போது வரும்? உட்கார்ந்து எழுந்தாலா? சாப்பிட்ட பிறகா? தாத்தாவுக்குத் தெரியாத இடத்தில் கண்டக்டர் பதில் சொன்னாள். "எழுந்து நின்னதும்தான் வரும். காலையில மாத்திரை போட்ட பிறகு அதிகம்."

டாக்டரம்மா இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"உனக்குக் கண்ணு நல்லா தெரியும் இல்ல? பெரிய எழுத்தை விட்டுடு. அது கம்பெனிக்காரங்க வச்ச பேர். கீழே பொடி எழுத்துல இருக்கிறதுதான் மருந்தோட பேர். அதைப் படி."

அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். இன்னொன்றையும் படித்தாள். மறுபடி முதல் அட்டைக்குப் போனாள்.

"ரெண்டும் ஒரே பேர்," என்றாள்.

"ஆமா. ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மருந்து. ஆஸ்பத்திரியில ஒரு கம்பெனியோடதைக் குடுத்திருக்காங்க. அதுக்கு முன்னாடி வேற கம்பெனியோடதைச் சாப்பிட்டுட்டு இருந்திருக்கார். பேரும் வேற, நிறமும் வேற. அதனால ரெண்டும் சேர்ந்தே ஓடியிருக்கு."

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதாவது, ஒரே பஸ்ஸுல ரெண்டு டிரைவர். ரெண்டு பேரும் சேர்ந்து பிரேக்கை மிதிச்சிருக்காங்க."

"அதேதான்," என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். "வண்டி நடு ரோட்டுல நின்னுடுச்சு. தலை சுத்துதுன்னு போனதும் அதுக்கு ஒரு மாத்திரை. அது தூக்கம் வரவழைக்கும். பகல்ல தூங்கினா ராத்திரி தூக்கம் வராது. அதுக்கு ஒண்ணு. தையல்காரர் குடுத்த மூக்கு மாத்திரையும் தூக்கம் வரவழைக்கிறதுதான்."

"நாங்க எல்லாத்தையும் ஜன்னல் வழியா போடறதா இருந்தோம்," என்றான் பொடியன்.

டாக்டரம்மாவின் சிரிப்பு மறைந்தது. ஒரு வெள்ளை அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இதைத் தூக்கிப் போட்டிருந்தா தாத்தாவோட நெஞ்சு தாங்கியிருக்காது. நல்லவேளை, கொண்டு வந்தீங்க."

அவர் நெஞ்சு டாக்டரிடம் போனில் வெகுநேரம் பேசினார். பிறகு மேசைமேல் இருந்ததை இரண்டு பிரிவாகப் பிரித்தார். சிலது தொடர வேண்டும். சிலது இன்றோடு வேண்டாம். தூக்க மாத்திரையை மட்டும் ஒரேயடியாக விடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றையும் அம்மாவிடம் இரண்டு முறை விளக்கினார்.

வெளியே வந்ததும் அம்மா தெருவோரத்தில் நின்றாள்.

"நான்தானே என் கையால எடுத்துக் குடுத்தேன்," என்றாள். கண் நிறைந்திருந்தது. "பக்கத்துலயே நின்னு, முழுங்கினாரான்னு பார்த்தேன்."

தாத்தா குடையைப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, மகளின் தலையில் கை வைத்தார்.

"அம்மாடி, நீ ஒழுங்கா குடுத்ததாலதான் அந்த வெள்ளை மாத்திரை ஒரு நாள்கூடத் தப்பலை. இன்னிக்கு நான் நின்னு பேசிட்டு இருக்கேன்னா அது யாரால?"

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே சட்டைப் பையில எதையாவது ஒளிச்சு வைங்க, பார்த்துக்கறேன்," என்றாள். தாத்தா பயந்தது போல் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதலில் சில இரவுகள் தாத்தாவுக்குத் தூக்கம் பிடிக்காமல், மறுநாள் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தார். முட்டி வலி போகவே இல்லை. எழுந்ததும் நடக்காமல், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதைக் கவனிக்கும் பொறுப்பு பொடியனுக்கு. அவன் போலீஸ்காரன் போல் கட்டில் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

ஒரு நாள் சாப்பிடும்போது தாத்தா தட்டைப் பார்த்து, "இதுல உப்பு குறைச்சல்," என்றார். எத்தனையோ மாதமாக அவர் எதையுமே குறை சொன்னதில்லை. அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தில் உப்பு ஜாடியையே கொண்டு வந்து வைத்துவிட்டு, உப்பைக் குறைக்கும்படி டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து உடனே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

தாத்தா மறுபடி பள்ளிக்கூட வாசலுக்கு வர ஆரம்பித்தார். கொஞ்ச நாள் அம்மா பின்னாலேயே வந்து பார்த்தாள். பிறகு பேக்கரி வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு மாலை தையல்காரர் வீட்டுக்கு வந்தார். தாத்தாவின் வயதுதான் அவருக்கும். கையில் ஒரு தலையணை உறை. அதை மேசைமேல் வைத்தபோது உள்ளே அட்டைகள் சலசலத்தன.

"உன் தாத்தா எல்லாத்தையும் சொன்னாரு," என்றார் கண்டக்டரிடம். "எனக்கும் கொஞ்ச நாளா கால் தடுமாறுது. இதுல எதை விடலாம்னு நீயே பார்த்துச் சொல்லிடு, பாப்பா."

அவள் உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வாயை முடிச்சுப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எனக்குத் தெரியாது, தாத்தா. அதை டாக்டர்தான் சொல்லணும். நாளைக்குப் போலாம். வீட்டுல வேற எங்கேயாவது வச்சிருந்தா அதையும் எடுத்துட்டு வாங்க. யாருக்கும் மாத்திரை குடுக்காதீங்க."

தையல்காரர் தாத்தாவைப் பார்த்தார். தாத்தா வேறு எங்கோ பார்த்தார்.

மறுநாள் டாக்டரம்மாவின் அறை வாசலில் தாத்தாவும் கண்டக்டரும் தையல்காரரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தையல்காரர், மடியில் தலையணை உறையோடு. நர்ஸ் கதவைத் திறந்து தாத்தாவைப் பார்த்ததும் முகம் வாடினார்.

"என்ன ஐயா, மறுபடியும் உடம்பு சரியில்லையா?"

தாத்தா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். ஆடாமல் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். "நான் இவருக்குத் துணைக்கு வந்திருக்கேன்."